ஊர்ச் சாலையின் குறுக்கே குழாய்ப் பாலம் போடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

மழையில் அறுத்துக்கொண்டு போன குழாய்ப் பாலங்களைப் போய்ப் பார்த்தால், குழாய் பெரும்பாலும் முழுசாகத்தான் கிடக்கும். சுற்றியிருந்த மண்தான் போயிருக்கும். தண்ணீர் குழாய்க்குள் போகாமல் அதன் ஓரமாகவோ அடியிலோ ஒரு வழி பிடித்து, அந்த வழியை ஒரே ராத்திரியில் அகலப்படுத்தியிருக்கும். அதனால் இங்கே குழாயைப் பற்றிக் கொஞ்சமும், அதன் அடி, பக்கம், இரண்டு முனைகள் பற்றி நிறையவும் இருக்கும்.

உதாரணத்துக்குக் காவிரி டெல்டாவில் அடிக்கடி வரும் வேலையை எடுத்துக்கொள்கிறேன்: ஏழரை மீட்டர் அகலமுள்ள ஒன்றியச் சாலை, குறுக்கே ஒரு வடிகால், 1200 மி.மீ. ஹியூம் பைப் (கம்பி வைத்த கான்கிரீட் குழாய்) ஒரு வரிசை. கண்மாய்க்குப் போகும் ஓடையாக இருந்தாலும் வேலையின் வரிசை இதேதான். வரைபடத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் பொறியாளர். களத்தில் நிற்கும் மேற்பார்வையாளருக்கும், புதிதாக வேலை எடுத்தவருக்கும், தன் ஊர் வேலையைக் கவனிக்க நினைப்பவருக்கும் இது உதவும்.

1. முதலில் கேள்வி: பாசனமா, வடிகாலா?

டெல்டாவில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் ஓடும். பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஆனால் குழாயை எந்த மட்டத்தில் வைப்பது என்பது இதைப் பொறுத்தே மாறும்.

பாசன வாய்க்காலில் தண்ணீர் வயல் மட்டத்துக்கு ஏறி நிற்க வேண்டும். சின்னக் குழாய் போட்டு அரை அடி மட்டத்தை அங்கே இழந்தால், கடைமடை வயலுக்குத் தண்ணீர் ஏறாது. அங்கே தாராளமான திறப்பு வேண்டும். வடிகாலில் கதை வேறு. தண்ணீர் சீக்கிரம் கீழே இறங்கிப் போக வேண்டும், அவ்வளவுதான். எனவே வெளியேறும் பக்கத்துத் தரைமட்டம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும்.

புதியவர்கள் சறுக்கும் முதல் இடம் இதுதான்: இன்றைக்குக் கண்ணுக்குத் தெரியும் தரையை வடிகாலின் தரை என்று எடுத்துக்கொள்வது. பல வருடம் தூர்வாராத வடிகாலில் நீங்கள் பார்ப்பது வண்டல். அடுத்த வருடம் தூர்வாரினால் குழாய் ஒன்றரை அடி மேலே தொங்கும், மேல்பக்கத்தில் தண்ணீர் தேங்கி நிற்கும். நீர்வளத் துறையிடம் அந்த வடிகாலின் நீளவாட்டு மட்ட வரைபடம் இருந்தால் கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் சாலைக்கு மேலும் கீழும் நாலைந்து இடத்தில் கம்பியால் குத்திப் பாருங்கள். கொழகொழவென்ற கறுப்புச் சேறு முடிந்து கெட்டி மண் தட்டுப்படும் இடம்தான் உண்மையான தரை.

2. எப்போது தொடங்குவது

வழக்கப்படி மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடும். டெல்டாவில் மண் வேலைக்குக் கிடைக்கும் காலம் பிப்ரவரி முதல் மே வரைதான். கான்கிரீட்டுக்கு நீராற்ற, அதாவது நனைத்து வைத்து இறுகவிட, நாள் வேண்டும் என்பதால், கடைசிக் கான்கிரீட் மே நடுவுக்குள் விழுந்துவிட வேண்டும் என்று பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில்தானே என்று ஆகஸ்டில் சாலையை வெட்டினால், குறுவைத் தண்ணீரோடும் அறுவடை வண்டிகளோடும் மல்லுக்கட்ட வேண்டிவரும்.

3. குழாய் எவ்வளவு பெரிசு

சின்ன நீர்ப்பிடிப்புக்குப் போதுமான கணக்கு இது: பரப்பு ஹெக்டேரில், மழை மணிக்கு எத்தனை மி.மீ., விழுந்த மழையில் எத்தனை பங்கு ஓடிவரும் என்ற கெழு. மூன்றையும் பெருக்கி 360-ஆல் வகுத்தால் வினாடிக்கு எத்தனை கன மீட்டர் என்று வரும்.

ஐம்பது ஏக்கர், அதாவது 20 ஹெக்டேர். மழை மணிக்கு 60 மி.மீ., கெழு 0.4 என்று வைத்துக்கொண்டால், வினாடிக்கு 1.33 கன மீட்டர். 500-க்கு 1 சரிவில் 1000 மி.மீ. குழாய் நிறைந்து ஓடினால் ஏறக்குறைய 1.07 கன மீட்டர்தான் போகும். பத்தாது. 1200 மி.மீ. குழாயில் 1.7 வரை போகும். அதுதான் சரி. மிச்சமிருக்கும் இடம் வீண் இல்லை. வைக்கோலும் வாழை மட்டையும் அடித்துக்கொண்டு வருவது அந்த இடத்தில்தான்.

மழை அளவை உத்தேசமாகப் போடாமல் பக்கத்து மழைமானிப் பதிவிலிருந்து எடுங்கள். கணக்கு முடிந்ததும் ஊரில் வயதானவர் ஒருவரையும் கேளுங்கள். "அந்த வேப்பமரத்து வேர் வரைக்கும் நிக்கும் தம்பி" என்று அவர் காட்டும் இடத்துக்கு மட்டம் பிடித்து, உங்கள் கணக்கோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ரொம்பத் தள்ளி இருந்தால் நீர்ப்பிடிப்புப் பரப்பை மறுபடி நடந்து பார்க்க வேண்டும். பெரும்பாலும் பக்கத்து வடிகால் ஒன்று நிரம்பி இதற்குள் வழிந்திருக்கும்.

கடலோரத்தில் கீழ்ப்பக்கத் தண்ணீரே குழாயை மூழ்கடித்து நிற்கும். அங்கே சரிவால் பயனில்லை, இரண்டு வரிசையாகப் போட வேண்டியிருக்கும். இரு குழாய்களுக்கு நடுவே குழாய் விட்டத்தில் பாதி, குறைந்தது 450 மி.மீ. இடைவெளி விடுங்கள். அதற்கும் குறைந்தால் நடுவில் மண்ணை இடிக்க முடியாது.

4. மட்டக் கணக்கு: தாளில் முடிக்காமல் மண்ணைத் தொடாதீர்கள்

அசையாத ஒரு இடத்தில், பாலத்துக்குத் தள்ளி, மட்டப் புள்ளி ஒன்று குறியுங்கள். சாலையின் மேல்மட்டத்தை 100.00 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வெளியேறும் பக்கத்து உண்மையான தரை 97.95. குழாயின் உள்ளடியை, அதாவது உள்பக்கத்தின் அடிமட்டத்தை, 97.90-இல் வைக்கிறோம்.

உள்விட்டம் 1.20 மீட்டர், மேல் சுவர் 0.12. இரண்டையும் கூட்டினால் குழாயின் வெளி உச்சி 99.22. சாலை வரை 0.78 மீட்டர் மிச்சம். குஷன் என்று சொல்லும் இந்த மேல்மண் குறைந்தது 0.60 மீட்டர் இருக்க வேண்டும். அப்போதுதான் லாரிச் சக்கரத்தின் பாரம் பரவி இறங்கும். அந்த அளவு கிடைக்கவில்லை என்றால் குழாயைக் கீழே தள்ளிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். தட்டுப் பாலமோ பெட்டிப் பாலமோதான் அங்கே சரிப்படும்.

இப்போது கீழ்நோக்கி. உள்ளடி 97.90-இலிருந்து சுவர் 0.12, குழாய்க்கு அடியில் போடும் படுகை 0.15 கழித்தால் குழியின் அடி 97.63. இந்தச் சுவர்க் கனத்தைக் கழிக்க மறப்பவர்கள் ஏராளம். குழாய் இறங்கிய பிறகுதான் அரை சாண் மேலே நிற்பது தெரியும், அப்புறம் கான்கிரீட் படுகையைக் கொத்த வேண்டும்.

நீளத்திலும் ஒரு கண்ணி இருக்கிறது. குழாய் 2.5 மீட்டர் நீளம். மூன்று போட்டால் சாலையின் ஏழரை மீட்டர் சரியாக வந்துவிடும் என்று தோன்றும். ஆனால் குழாயின் இரு முனையிலும் மண்ணைத் தாங்கும் முகப்புச் சுவர்கள் அந்த ஏழரைக்கு வெளியே நிற்க வேண்டும், அவற்றின் கனத்துக்குள்ளும் குழாய் போக வேண்டும். வடிகால் சாலையை நேர்க்குறுக்காகக் கடக்காமல், அதிலிருந்து 30 பாகை கோணலாகக் கடந்தால் ஏழரை மீட்டர் 8.66 ஆகிவிடும். ஆகவே நான்கு குழாய். கோணலை நேராக்கிக் குழாயை மிச்சம் பிடித்தால், தண்ணீர் திரும்பும் இடத்தில் கரையை அரிக்கும்.

பத்து மீட்டர் நீளத்துக்கு 500-க்கு 1 சரிவு என்பது வெறும் 20 மி.மீ. மேல்பக்க உள்ளடி 97.92. ஆட்டோ லெவல் என்ற மட்டக் கருவி வைத்துப் பாருங்கள், கண் மதிப்பு இங்கே உதவாது.

5. கையில் இருக்க வேண்டியவை

சாலை யாருடையதோ அவர்களின் எழுத்து அனுமதி, வடிகால் யாருடையதோ அவர்களின் அனுமதி: இரண்டும் தனித்தனி. ஒன்று கிடைத்தால் போதும் என்று தொடங்கிய வேலைகள் பாதியில் நிற்கும். கூட்டுக் குடிநீர்க் குழாய், மின் கேபிள், தொலைபேசிக் கேபிள் எங்கே போகிறது என்று அந்தந்த ஆளை வரவழைத்துச் சுண்ணாம்பு போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

குழாய் ஐ.எஸ். 458 என்ற இந்தியத் தரத்தில் என்பி3 வகை. என்பி2 இலேசான போக்குவரத்துக்கு உள்ளது. விலை குறைவு என்பதால் அதைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். குழாயில் அச்சிட்டிருக்கும் வகையையும் தேதியையும் படியுங்கள், சுவர்க் கனத்தை டேப் வைத்து அளங்கள். சுத்தியலால் தட்டினால் கணீரென்று சத்தம் வர வேண்டும். மந்தமாக வந்தால் விரிசல் இருக்கலாம், ஒதுக்கி வையுங்கள்.

1200 மி.மீ. குழாய் ஒன்று மூன்று டன்னுக்கு மேல். ஜேசிபி கையில் சங்கிலி மாட்டித் தூக்குவது பல ஊரில் நடக்கிறது, அது வேண்டாம். கிரேனுக்குச் சொல்லி வையுங்கள்.

மாற்றுப் பாதை, சிவப்பு விளக்கு, தடுப்பு எல்லாம் குழி வெட்டும் முன்பே தயாராக இருக்கட்டும். சாலையை வெட்டிய முதல் ராத்திரிதான் இரு சக்கர வண்டிக்காரருக்கு ஆபத்தான ராத்திரி. மண்ணைக் குவித்து வைத்தால் அது தடுப்பு ஆகாது.

6. குழி வெட்டுதல்

மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் மண் அணை போட்டு, தண்ணீரைப் பக்கவாட்டில் திருப்பிவிட்டு அல்லது மோட்டார் வைத்து இறைத்துவிட்டு வெட்டுங்கள். ஈரக் குழியில் எது செய்தாலும் நிற்காது.

குழாயின் வெளி விட்டம் 1.44 மீட்டர். இரு பக்கமும் விட்டத்தில் கால் பங்கு, அதாவது 0.30 மீட்டர் விட்டால் குழியின் அகலம் 2.04. குறைத்தால் குழாயின் இடுப்புக்குக் கீழே மண் இடிக்கும் திமிசு போகாது. கூட்டினாலும் தப்பு, அகலக் குழியில் நிரப்பும் மண்ணின் பாரம் குழாய் மேல் அதிகமாக இறங்கும். விட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விடாதீர்கள்.

ஆழம் இரண்டேகால் மீட்டரைத் தாண்டுகிறது. குழியின் அடியில் சொன்ன அகலத்தை வைத்துக்கொண்டு, குழாய் உச்சிக்கு மேலே சுவரைச் சாய்த்து வெட்டுங்கள் அல்லது பலகை முட்டுக் கொடுங்கள். வெட்டிய மண்ணைக் குழியின் விளிம்பிலிருந்து குறைந்தது ஒரு மீட்டர் தள்ளிக் கொட்டச் சொல்லுங்கள். களிமண் காய்ந்தால் பாறை மாதிரி நிற்கும், ஒரு தூறல் போட்டால் சொல்லாமல் சரியும்.

ஜேசிபி கடைசி அரை அடியை வெட்டக் கூடாது. அதன் பல் அடி மண்ணைக் கலக்கிவிடும். அதை மண்வெட்டியால் மட்டம் பார்த்து எடுங்கள். தவறி ஆழமாகப் போனால் அதே மண்ணைப் போட்டு மூடாமல், கான்கிரீட்டாலோ இடித்த கிராவலாலோ நிரப்புங்கள்.

7. முகப்புச் சுவரின் அடித்தளம் முதலில்

வரிசை பெரும்பாலும் பிசகுவது இங்கேதான். குழாயைப் பதித்துவிட்டு முனைகளில் சுவருக்குத் தோண்டுவார்கள். சுவரின் அடித்தளம் குழாய்ப் படுகையைவிட ஆழம். குழாய்க்குப் பக்கத்தில் தோண்டும்போது படுகைக்கு அடியில் உள்ள மண் நெகிழ்ந்து வெளியே வந்துவிடும், முனைக் குழாய் தலை சாயும். முதல் இணைப்பு விட்டுப்போவது அதனால்தான்.

ஆகவே இரு முனையிலும் சுவரின் அடித்தளத்தைத் தோண்டி, கான்கிரீட் போட்டு, படுகையின் அடி மட்டம் வரை கொண்டுவந்து நிறுத்துங்கள். அது இறுகிய பிறகு படுகை.

8. படுகை

கெட்டியான செம்மண், கிராவல் தரையில் 150 மி.மீ. மணல் அல்லது சன்னமான கிராவல் படுகை போதும். டெல்டாக் களிமண்ணில் எம்15 தரக் கான்கிரீட் படுகை போடச் சொல்வேன். களிமண் ஈரத்தில் ஊதும், காய்ந்தால் சுருங்கும். குழாய்க்குக் குழாய் வேறு வேறு அளவில் இறங்கும்.

தட்டையான படுகை மேல் உருண்டைக் குழாய் ஒரே கோட்டில்தான் உட்காரும். அந்தக் கோட்டில் பாரம் குவிந்து அடிப்பக்கம் நீளவாட்டில் பிளக்கும். குழாய் பதித்த பின் இரு பக்கமும் இடுப்புக்குக் கீழே கான்கிரீட்டைத் திணித்துத் தொட்டில் மாதிரி ஆக்க வேண்டும். மணல் படுகையாக இருந்தால் குழாயின் வளைவுக்குப் பள்ளம் செதுக்குங்கள். இணைப்பு வரும் இடங்களில் தனியாகக் குழித்து விடுங்கள். குழாயின் உடல்தான் படுகையில் உட்கார வேண்டும், காலரோ (இணைப்பின் மேல் மாட்டும் வளையம்) சாக்கெட்டோ (அடுத்த குழாய் நுழையும் அகன்ற வாய்) அல்ல.

9. குழாய் இறக்குதலும் இணைப்பும்

கீழ்ப்பக்கத்திலிருந்து தொடங்கி மேல்பக்கம் நோக்கிப் போங்கள். சாக்கெட் வகை என்றால் அதன் வாய் தண்ணீர் வரும் பக்கம் பார்க்க வேண்டும். அப்போது ஒவ்வொரு குழாயும் முந்தையதன் மேல் அழுந்தி உட்காரும், ஓடும் தண்ணீரும் இணைப்பின் விளிம்பில் மோதாது.

குழாயை நைலான் பெல்ட்டால் வெளியே சுற்றித் தூக்குங்கள். உள்ளே கயிறு விட்டுத் தூக்கினால் விளிம்பு உடையும். ஒவ்வொன்றையும் இறக்கியதும் உள்ளடி மட்டத்தைப் பாருங்கள். நான்கும் இறங்கிய பிறகு பார்க்கலாம் என்றால் திருத்த முடியாது.

காலர் இணைப்பில் குழாய்க்கும் காலருக்கும் நடுவே 13 முதல் 20 மி.மீ. சந்து எல்லாப் பக்கமும் ஒரே சீராக இருக்கட்டும். ஒரு பங்கு சிமெண்ட், இரண்டு பங்கு மணல். தண்ணீரைப் பார்த்து ஊற்றுங்கள்: கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் வழியக் கூடாது. அந்தக் கலவையை இரும்பு உளியால் இடித்து இடித்து ஏற்ற வேண்டும். தண்ணியாகக் கலக்கி வழித்துப் பூசினால், அடிப்பக்கம் வெறும் ஓட்டையாக இருக்கும், மேலே மட்டும் அழகாக இருக்கும். ஈரச் சாக்கு சுற்றி நீராற்றுங்கள்.

ஒரு எச்சரிக்கை. குப்பை போகாமல் இருக்கட்டும் என்று இரண்டு முனையையும் அடைத்து வைப்பார்கள். அன்றிரவு மண் அணை உடைந்தால் குழாய் மிதக்கும். மீட்டருக்கு ஒன்றேகால் டன் எடையுள்ள இந்தக் குழாய், அடைபட்டுக் கிடந்தால் மீட்டருக்கு 1.6 டன் தண்ணீரை விலக்குகிறது. மேல்மண் ஏறும் வரை முனைகள் திறந்தே இருக்கட்டும்.

10. மண் நிரப்புதல்

"ரெண்டு பக்கெட் போட்டா மூடிரும் சார்" என்று ஜேசிபி ஓட்டுபவர் சொல்லும்போது மாலை ஐந்து மணி ஆகியிருக்கும், எல்லோருக்கும் வீடு போக வேண்டும். பாலம் நிற்பதும் போவதும் அந்த நேரத்தில்தான் முடிவாகிறது.

150 மி.மீ. அடுக்கு, லேசான ஈரம், இரண்டு பக்கமும் மாறி மாறி. ஒரு பக்கம் உயரமாகக் கொட்டினால் குழாய் மறுபக்கம் நகர்ந்து, பூசிய இணைப்பெல்லாம் விட்டுப்போகும். இடுப்புக்குக் கீழே கைத் திமிசு. உச்சிக்கு மேல் 300 மி.மீ. ஏறும் வரை ரோலரும் வேண்டாம், ஜேசிபி மேலே ஏறுவதும் வேண்டாம்.

என்ன மண்? தோண்டிய களிமண் கட்டிகள் கூடாது. கட்டிகளுக்கு நடுவில் இருக்கும் சந்து வழியாகத் தண்ணீர் போகும். முழுக்க மணலும் கூடாது. அது தண்ணீருக்கு நாமே போட்டுக் கொடுக்கும் பாதை. கிராவல் நல்லது. முகப்புச் சுவருக்குப் பின்னால், குறிப்பாக மேல்பக்கத்தில், பிசைந்த களிமண்ணை ஒரு திரை போலக் குழாயைச் சுற்றி இடித்து வைத்தால், ஓரமாக ஊறும் தண்ணீர் அங்கேயே நின்றுவிடும். அந்த முனைப் பகுதிகளைச் சுவர் எழும்பி இறுகிய பிறகு நிரப்புங்கள். பச்சைச் சுவர் மேல் மண்ணை இடித்தால் சுவர் வெளியே சாயும்.

11. சுவர், இறக்கை, தளம்

குழாயைச் சுற்றிச் சுவரைக் கட்டும்போது சந்து இல்லாமல் கான்கிரீட் நிறைய வேண்டும். முகப்புச் சுவரின் பக்கங்களில் விரியும் இறக்கைச் சுவர்கள் கரைக்குள் நன்றாக நுழைந்து முடியட்டும். கரையைத் தொட்டுக்கொண்டு நின்றால் முதல் வெள்ளம் அதன் பின்னால் போகும்.

வெளியேறும் தண்ணீர் வினாடிக்கு ஒன்றரை மீட்டர் வேகத்தில் வரும். மண் தரையில் விழுந்தால் பள்ளம் பறித்து, சுவரின் அடி வரை வரும். அதனால் குழாயின் இரு வாய்க்கு முன்னாலும் தரையை மூடும் தளம் வேண்டும், வெளியேறும் பக்கம் நீளமாக. தளம் முடியும் விளிம்பில் ஒரு தடுப்புச் சுவரைக் கீழே இறக்குங்கள். காசு மிச்சம் பிடிக்க முதலில் வெட்டப்படுவது இந்தத் தடுப்புச் சுவர்தான். மண்ணுக்குள் இருப்பதால் யார் கண்ணிலும் படாது. நான் என்றால் கைப்பிடிச் சுவரின் பெயிண்டை விட்டுவிட்டு இதைப் போடுவேன். தளத்துக்கு அப்பால் கொஞ்ச தூரம் கருங்கல் பாவிவிடுங்கள்.

12. மேலே சாலை

கிராவல், ஜல்லி அடுக்குகளைப் போட்டு வண்டி விடலாம். தார் அவசரம் இல்லை. எவ்வளவு இடித்தாலும் கொஞ்சம் இறங்கும். இறங்கிய பிறகு நிரவித் தார் போட்டால் பாலத்தின் இரு பக்கமும் பள்ளம் விழாது.

13. பக்கத்தில் தண்டவாளம் இருந்தால்

தண்டவாளத்துக்கு அடியில் நீங்கள் தோண்ட முடியாது, தோண்டவும் கூடாது. ரயில்வே கோட்டப் பொறியாளரிடம் விண்ணப்பித்து, பணம் கட்டி, அவர்கள் மேற்பார்வையில்தான் நடக்கும். ரயில் வேகத்தைக் குறைத்துவிட்டு, பெட்டியையோ குழாயையோ ஜாக்கி வைத்துப் பக்கவாட்டில் தள்ளுவது அங்கே வழக்கமான முறைகளில் ஒன்று.

ஆனால் சாலையும் தண்டவாளமும் அருகருகே ஓடும் இடத்தில் உங்கள் கணக்குக்குள் ரயில்வே பாலமும் வர வேண்டும். சாலைக்கடியில் பெரிதாகத் திறந்துவிட்டு, அடுத்த ஐம்பது மீட்டரில் ரயில்வே பாலம் சின்னதாக இருந்தால், இரண்டுக்கும் நடுவில் உள்ள வயலும் வீடும் குளமாகும். முதலில் அந்தத் திறப்பை அளங்கள்.

14. முதல் மழையும் வருடாவருடமும்

முதல் பெரிய மழையில் குடையோடு போய் நில்லுங்கள். மேல்பக்கத் தண்ணீர் எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள். கீழ்ப்பக்கச் சுவரில் குழாய்க்கு வெளியே எங்காவது கசிந்தால் அதைக் கையில் பிடித்துப் பாருங்கள். தெளிவாக இருந்தால் கவனித்து வரலாம். கலங்கலாக வந்தால் உள்ளிருந்து மண் வருகிறது. சாலையை மூடச் சொல்லிவிட்டுப் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

செப்டம்பரில் ஒருமுறை வண்டல், ஆகாயத்தாமரை, பிளாஸ்டிக் எல்லாம் எடுக்க வேண்டும். குப்பையைத் தடுக்க வாயில் இரும்பு வலை அடிக்காதீர்கள். வலை நிறைந்ததும் அதுவே அணையாகிவிடும். கழிவுநீர் கலக்கும் வடிகாலில் ஆளை உள்ளே இறக்குவது கூடாது. அங்கே விஷவாயு தேங்கும், 2013-ஆம் ஆண்டுச் சட்டமும் அதைத் தடுக்கிறது. வெளியிலிருந்து தண்ணீரைப் பீய்ச்சியும் கம்பி விட்டு இழுத்தும் எடுங்கள். எடுத்த வண்டலை கரையிலேயே குவிக்காமல் டிராக்டரில் ஏற்றி அப்புறப்படுத்துங்கள். இல்லாவிட்டால் அடுத்த மழையில் அதே குழாய்க்குத் திரும்பி வந்துவிடும்.